கைத்துப்பாக்கி உரிமமும் அப்பாவின் பெயரும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தை, மாவட்டம் போன்ற அந்தந்தக் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகமே வழங்குகிறது. 21 வயது நிரம்பி, குற்றப் பின்னணி இல்லாமல், பயிற்சிச் சான்றிதழும் கையில் இருந்தால் மறுக்க வழியில்லை என்று பலரும் சொன்னதை நம்பித்தான் நானும் விண்ணப்பித்தேன். பின்னணிச் சோதனையில் எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. சிக்கல் என் அப்பாவின் பெயரில் வந்தது.

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க இங்கே இந்த உரிமம் தேவையில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலுடன் தனியாகக் காரோட்டி வரும் நான், உரிமம் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் அதை மறைத்து வைத்திருந்தால் சட்டப்படி குற்றம். பயிற்சி வகுப்பு ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. சான்றிதழில் என்ன பெயர் எழுதுவது என்று பயிற்றுநர் கேட்டபோது, ஊர்ப் பழக்கத்தில் இனிஷியலோடு என் பெயரைச் சொன்னேன். அந்த ஒற்றை எழுத்துக்கு நான் கொடுத்த விலை ஐந்து வாரம்.

முன்பதிவு செய்த நாளில், கடையை மதியம் வரை மூடிவிட்டுச் சென்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் என் ஓட்டுநர் உரிமத்தையும் பயிற்சிச் சான்றிதழையும் அருகருகே வைத்து, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். ஓட்டுநர் உரிமத்தில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக இறுதியில் இருக்கிறது. சான்றிதழில் அதே பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கிறது. இரண்டும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது, அந்த எழுத்துதான் அப்பாவின் பெயர் என்று நான் விளக்க விளக்க, அவருடைய முகத்தில் சந்தேகம்தான் வளர்ந்தது.

போதாக்குறைக்கு, முகவரிச் சான்றாக நான் கொண்டுபோன மின்கட்டண ரசீது கணவரின் பெயரில் இருந்தது. அவருடைய குடும்பப் பெயரோ அவருடைய அப்பாவின் பெயர். மகனுக்குக் கணவரின் பெயர். ஆக, ஒரே கூரையின் கீழ் வாழும் மூன்று பேருக்கும் காகிதத்தில் மூன்று குடும்பப் பெயர்கள்! இந்த ரசீது உங்களுடையது என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் கேட்டபோது, எரிச்சலுக்கு நடுவிலும் அவர் கேள்வியில் தவறில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் முன்பதிவின்போது வந்த குறிப்பில் ‘முகவரிச் சான்று’ என்று மட்டும் இருந்ததே தவிர, அது விண்ணப்பதாரரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. அடுத்த முன்பதிவு ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

ஆகவே, என்னைப் போல் இனிஷியலோடு வளர்ந்தவர்கள், பயிற்சி வகுப்பிலேயே ஓட்டுநர் உரிமத்தை நீட்டி, அதில் உள்ளபடியே எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு விவரம், வாகனப் பதிவு போன்றவற்றை உங்கள் பெயரில் தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்கள் கடவுச்சீட்டையோ குடியுரிமைச் சான்றிதழையோ எடுத்துச் செல்வது நல்லது. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள், குடியுரிமை பெற விரும்புவதாகக் குடிவரவுத் துறைக்கு எழுத்தில் அறிவித்ததற்கான சான்றையும், அந்தக் கவுண்டியில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்ததற்கான சான்றையும் காட்ட வேண்டும். துப்பாக்கியை அங்கே யாரும் காட்டச் சொல்வதில்லை. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

இரண்டாம் முறை வேறோர் எழுத்தர் இருந்தார். திருத்திய சான்றிதழை அவர் பார்த்த நேரம் மூன்று நொடிகூட இராது. கட்டணம் 115 டாலர்: ஷெரிஃப் அலுவலகத்துக்கு 100, கைரேகைச் சோதனைக்காக மாநிலக் காவல் துறைக்கு 15. கைரேகையில்தான் மீண்டும் தடங்கல். அரிசி மூட்டைகளையும் அட்டைப் பெட்டிகளையும் தூக்கித் தூக்கித் தேய்ந்த வலது மோதிர விரலை இயந்திரம் நான்கு முறை ஏற்க மறுத்தது. ஈரத் துணியால் துடைத்து, அந்த அம்மையாரே என் விரலைப் பிடித்து மெல்ல உருட்டிய பிறகுதான் கோடுகள் திரையில் தெரிந்தன. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அன்று காலையில் மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

விண்ணப்பம் பெற்ற 45 நாட்களுக்குள் ஷெரிஃப் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு 41ஆம் நாள் அஞ்சலில் அட்டை வந்தது. நான்கு ஆண்டுகள் செல்லும். வீடு மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். போர்ட்லண்டிலிருந்து கொலம்பியா ஆற்றைக் கடந்து வாஷிங்டன் மாநிலத்துக்குள் நுழைந்தால் இந்த அட்டை செல்லாது என்பதை, அக்கரையில் உறவினர் உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குச் சான்று கூற இருவரின் பெயர்களைக் கேட்பார்கள். தெரிந்தவர்களில் மூவர் போலீஸ் என்றதும் நழுவிவிட, கடைக்குத் தினமும் வரும் ஓர் அக்கா மட்டும் உடனே சம்மதித்து, என்னென்ன சொல்வது என்று ஒத்திகையே பார்த்து வைத்திருந்தார். கடைசிவரை அவரை யாரும் அழைக்கவில்லை. அட்டையைக் காட்டியபோது, “அப்ப என்னை ஒரு வார்த்தை கேக்காமலேயே குடுத்துட்டாங்களா?” என்று அவர் கேட்ட குரலில் மகிழ்ச்சியைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது.