போனஸ் போன வருஷத்துச் சம்பளம்

2025 ஆகஸ்ட் 27, புதன்கிழமை. விநாயகர் சதுர்த்தி என்பதால் கம்பெனிக்கு லீவு. கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தபோது முதலாளி போன் செய்தார். "கண்ணு, அமெரிக்காக்காரன் மெயில் போட்டிருக்கான். பேக்கிங் முடிஞ்ச சரக்கையும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாங்கிறான்." அமெரிக்கா நம் சரக்கு மீது போட்ட இரண்டாவது 25 சதவீத வரி அன்றுதான் அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 7-இல் வந்த 25-உடன் சேர்த்து 50 சதவீதம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் 140 பேர் வேலை செய்கிறார்கள். செப்டம்பர் நடுவில் பேக்கிங் ஹாலுக்குள் போனால் நடக்க வழி இல்லை. அட்டைப்பெட்டிகள் ஃபேன் உயரத்துக்கு ஏறியிருந்தன. இறக்கை உரசிவிடும் என்று நடு வரிசை ஃபேன்களை நிறுத்திவிட்டு, பெண்கள் வியர்க்க வியர்க்க செக்கிங் பார்த்தார்கள். எல்லாம் குழந்தைகள் போடும் இரவு உடுப்பு. கிறிஸ்துமஸுக்குப் போக வேண்டியவை.

ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஆனது. அதாவது சனிக்கிழமை கையில் வாங்கும் கூலியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் வேலை. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து என் மேஜையைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அடுக்கிக் கட்டும் அக்கா ஒருவர், உசிலம்பட்டிப் பக்கம், மெதுவாகக் குனிந்து கேட்டார்: "ஏம்மா, போன வருசம் குடுத்தது வருமா?"

போன தீபாவளிக்குக் கொடுத்த போனஸ் வருஷச் சம்பளத்தில் 12 சதவீதம்.

இந்த வருஷம் சட்டம் சொல்லும் குறைந்தபட்சமான 8.33 சதவீதம் போட்டால் போதும், அதிலும் பாதி இப்போது, மீதி பொங்கலுக்கு என்பது முதலாளியின் முதல் யோசனை. அவர் கெட்டவர் இல்லை. ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கியில் எடுத்த பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடுகிறது, தைத்து வைத்த சரக்குக்கே வாங்குகிற பையர் விலையைக் குறைக்கச் சொல்கிறான். "ஆர்டரே இல்லாத வருஷத்துல போனஸுக்கு நான் எங்க போறது கண்ணு?" என்று அவர் கேட்டபோது குரல் உடைந்திருந்தது. இருந்தாலும் இதில் அவர் நினைப்பு தவறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2025 தீபாவளிக்குக் கொடுக்கும் போனஸ் 2025-இல் ஆகஸ்டுக்கு அப்புறம் நடந்ததற்கான போனஸ் இல்லை. அது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான கணக்கு வருஷத்துக்கு உரியது. அந்த வருஷம் எங்களுக்கு எப்படி இருந்தது? 2024 ஆகஸ்டில் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கே போக வேண்டிய ஆர்டர்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பின. ஊருக்கே ராத்திரி வேலை. எங்கள் பவர் டேபிள் டெய்லர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டினார்கள். அந்த உழைப்பின் லாபம் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிறது. வரி வந்தது அதற்கு அப்புறம். இந்த வருஷத்து நஷ்டத்தைப் போன வருஷத்து உழைப்பிலிருந்து எப்படிக் கழிப்பது?

சட்டம் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1965-இல் போனஸ் சட்டம் வந்தபோது குறைந்தபட்சம் 4 சதவீதம். எழுபதுகளின் தொடக்கத்தில் அது 8.33 ஆனது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். நெருக்கடி நிலையின்போது 1975-இல் திரும்பவும் 4-க்கு இறக்கினார்கள். 1977-இல் ஆட்சி மாறிய பிறகுதான் 8.33 மீண்டும் கிடைத்தது. நஷ்டம் வந்தாலும் இந்த 8.33-ஐக் கொடுத்தாக வேண்டும். உச்சம் 20. நல்ல வருஷத்தில் 20-க்கு மேல் மிஞ்சினால் அதை எடுத்து வைத்து, அடுத்த நாலு வருஷத்துக்குள் வரும் கெட்ட வருஷத்துக்குப் பயன்படுத்தலாம். எங்கள் வீடுகளில் அரிசிப் பானைக்குள் காசு ஒளித்து வைப்பார்களே, அதே யோசனைதான்.

கணக்கு போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சம்பளம் அதைவிட அதிகமாக இருந்தாலும் மாதம் 7,000 ரூபாயை வைத்துத்தான் போனஸ் போட வேண்டும் என்று பல பேர் நம்புகிறார்கள். வருஷத்துக்கு 84,000, அதில் 8.33 சதவீதம் என்றால் 6,997 ரூபாய். இதைக் கவரில் போட்டுக் கொடுத்து முடித்துவிடுகிற இடங்கள் உண்டு. 2015-இல் கொண்டுவந்த திருத்தம் சொன்னது 7,000 அல்லது அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. அந்த 'அல்லது'வுக்கு அப்புறம் இருப்பதைப் படிக்காததால் ஒரு டெய்லருக்கு எத்தனை ஆயிரம் நஷ்டம் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

மார்ச்சில் கணக்கு முடிந்தால் எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30-க்குள், போனஸ் கொடுத்துவிட வேண்டும். பொங்கல் தவணைக்கு அதில் இடமே இல்லை. பேலன்ஸ் ஷீட்டையும் போன மூன்று வருஷத்து போனஸ் ரெஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். "அண்ணா, காசு இல்லைங்கறது வேற, கொடுக்க வேண்டியது இல்லைங்கறது வேறங்க. காசு இல்லைன்னா அதை அவங்ககிட்டயே சொல்லிடலாங்க" என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 11, சனிக்கிழமை. கட்டிங் டேபிளைச் சுற்றி எல்லாரையும் கூட்டி அவரே பேசினார். போன வருஷம் நல்லா ஓடிச்சு, அதனால 12 சதவீதம் உங்க பணம். இப்ப கையில 10-க்குத்தான் இருக்கு, மீதி 2 நவம்பர் முடியறதுக்குள்ள வரும். இவ்வளவுதான் சொன்னார். ஒரு நிமிஷம் மெஷின் சத்தமும் இல்லை, பேச்சு சத்தமும் இல்லை. பிறகு கட்டிங் மாஸ்டர், "சரிங்க, ஊருக்குப் போயிட்டு வந்துடறோம்" என்றார். தீபாவளி முடிந்தால் போனஸை வாங்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விடுவது இந்த ஊரில் வழக்கம். இந்த முறை நாலு பேர் தவிர எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சம்பளத்தை 20,500-இலிருந்து 22,000 ஆக்கினார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். மாதம் 21,000-க்கு மேல் வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி போனஸ் கிடையாது என்பதைப் பிறருக்குக் கணக்கு போடுகிற நானே அப்போது யோசிக்கவில்லை. இது வரை முதலாளி மனசு வைத்துக் கொடுத்தார். இந்த வருஷம் ஆபீஸ் ஆட்கள் ஐந்து பேருக்கு இல்லை. சம்பள உயர்வும் இல்லை. வருத்தம்தான். 21,000 என்ற அந்த வரம்பு 2014 ஏப்ரல் முதல் செல்லும் என்று போட்டது. அப்போது திருப்பூரில் நான் கொடுத்த வாடகையையும் இப்போது கொடுக்கிற வாடகையையும் வைத்துப் பார்த்தால் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு? இதை யாராவது உரக்கக் கேட்க வேண்டும்.

நவம்பர் 26-ஆம் தேதி மீதி 2 சதவீதம் எல்லார் கணக்கிலும் ஏறிவிட்டது. அப்புறம் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. கணக்கு வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. நடுவில் நின்றுபோனவர்களுக்கும் உண்டு. வேலை விட்டுப் போனதால் அது போகாது. எங்கள் ரெஜிஸ்டரில் அப்படி ஆறு பேர். ஐந்து பேரைப் பிடித்துவிட்டேன். அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போன ஒரு அக்காவின் நம்பர் மட்டும் மாறியிருந்தது. பழைய அறைத்தோழியிடம் கேட்டு வாங்கிப் பேசினேன். 2024 நவம்பர் வரை எங்களிடம் கைமடி வேலை, அதாவது டெய்லருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை, பார்த்தவர். கணக்குப்படி அவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

"நின்னு போனவளுக்கு எதுக்கும்மா குடுக்குறாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் செய்த வேலைக்கு அக்கா என்றேன். வங்கிக் கணக்கு நம்பரை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவன் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன். ரெஜிஸ்டரில் அவர் பெயருக்கு நேரே கையெழுத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்குத் திருப்பூர் வருவாராம். வந்து போட்டுவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.