அழகாபுரத்தில் வீடு வாங்கினோம், வைப்பு நிதியைத் தொடவில்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை பத்தரை மணி டோக்கனுக்காக ஒன்பதே முக்காலுக்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், விற்பவர் தரப்பில் மூவர், வாங்கும் தரப்பில் நானும் மனைவியும், சாட்சிகள் இருவர், ஆவண எழுத்தர், காசோலையுடன் வந்த வங்கி அலுவலர் என ஒன்பது பேர் காத்திருந்து, பகல் ஒன்றரை மணிக்குப் பத்திரம் பதிவாகாமலேயே திரும்பினோம். விற்பவர் குடும்பத்தில் கனடாவில் இருக்கும் மகள், தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுத்துத் தன் அண்ணனுக்கு எழுதி அனுப்பியிருந்த பவர் பத்திரத்துக்கு இந்தியாவில் முத்திரைத் தீர்வை செலுத்தப்படவில்லை என்பதே காரணம். வெளிநாட்டில் எழுதப்பட்ட பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை கட்டி முத்திரை பெற வேண்டும். அதன் பிறகே அதை வைத்துக் கிரயம் செய்ய முடியும். இதை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர் நாங்கள் கூலி கொடுத்து அமர்த்திய ஆவண எழுத்தர். அவரோ, "அங்கயே ஸ்டாம்ப் ஒட்டித்தானுங்க வந்திருக்கு, போதும்னு நெனச்சேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் இழந்தது நான்கு வாரம்.

எனக்கு வயது 43. சேலத்தில் ஒரு தனியார் நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் அரசு ஓய்வூதியம் கிடையாது. சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்துக் கணக்கிட்டால், 35 ஆண்டு பணி இருந்தாலும் மாதம் 7,500 ரூபாய்தான் வரும். ஆகவே 58 வயதுக்குப் பிறகு எங்களுக்குச் சோறு போடப்போவது வைப்பு நிதியும் மனைவியின் பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) கணக்கும்தான். பதினோரு ஆண்டாக அழகாபுரத்திலேயே வாடகைக்கு இருந்தோம். கருப்பூர் பக்கமும் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் இதே விலைக்குப் பெரிய வீடு கிடைக்கும் என்பது தெரிந்தே, பள்ளிக்கூடமும் அம்மாவின் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருப்பதால் இங்கேயே வாங்குவது என்று முடிவு செய்தோம். 1,080 சதுர அடி மனையில் 1989-இல் கட்டிய பழைய வீடு, விலை 72 லட்சம். குடும்பத் தலைவர் காலமாகிவிட்டதால் அவருடைய மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நால்வரும் உரிமையாளர்கள்.

வாரிசுச் சான்று, பட்டா, நகர நில அளவைப் பதிவேட்டு நகல் எல்லாம் சரியாக இருந்தன. மனை வாங்கிய பத்திரம் 1971-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதால், இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று போதாமல் 1975-க்கு முந்தைய காலத்துக்குக் கையால் தேடும் மனு ஒன்றும் போட்டோம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எங்களை உண்மையில் திணறடித்தது வீட்டு விலைக்கு வெளியே நிற்கும் பணம். 72 லட்சத்தில் 55 லட்சம் கடனாகக் கிடைக்கும் என்று நான் போட்ட கணக்கு தவறானது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பு. அந்த மதிப்பு நாம் பேசி முடித்த விலையன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுப்பது. கட்டடம் பழையது என்று அவர் 66 லட்சம்தான் எழுதினார். கடன் 52 லட்சத்தில் நின்றது. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 6,48,000 ரூபாய். இதை மதிப்பில் சேர்த்துக் கடன் தர வங்கிக்கு விதி இடம் கொடுப்பதில்லை. வழக்கறிஞர் கருத்து, மதிப்பீடு, கடன் பரிசீலனைக் கட்டணம், வங்கிக்கு மூலப்பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணப் பதிவு, எழுத்துக்கூலி எல்லாம் ஏறத்தாழ 90,000. ஆக, கையிலிருந்து 27 லட்சத்துக்கு மேல் வைக்க வேண்டியிருந்தது. ஓமலூர் அருகே இருந்த மனையை விற்றதும் நிரந்தர வைப்பும் சேர்ந்து எங்களிடம் இருந்தது 22 லட்சம். துண்டு விழுந்தது ஐந்தரை லட்சம்.

விலை பேசும் முன்பே, நீங்கள் கடன் வாங்கப்போகும் வங்கியின் மதிப்பீட்டாளரைக் கட்டணம் கொடுத்தாவது வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவில் எனக்கு மூன்று லட்ச ரூபாய் அதிர்ச்சி மிச்சமாகியிருக்கும்.

துண்டு விழுந்த பணத்துக்கு எல்லோரும் சொன்ன வழி வைப்பு நிதி. வீடு வாங்க முன்பணம் எடுக்க விதியில் இடம் உண்டு. ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்தால் போதும் என்பது அப்போதைய விதி. ஆறு லட்சம் கேட்டு ஜூலையில் இணையத்தில் விண்ணப்பித்தேன். பணிக்காலம் போதவில்லை என்று நிராகரித்தார்கள். பதினாறு ஆண்டு நிதி பிடித்தம் செய்யப்பட்டவனுக்கு இந்தப் பதிலா என்று வைப்பு நிதி அலுவலகத்துக்கே போனேன். உதவி மையத்தில் இருந்தவர் முகத்தை நிமிர்த்தாமல், "எல்லாம் ஆன்லைன்தாங்க, அதுலயே பாத்துக்குங்க" என்றார். ஆன்லைனில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னதற்கு, அடுத்தவரை அழைத்தார். அரை நாள் விடுப்பு வீண்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் ஆலையின் பணியாளர் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர். நான் முன்பு பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த ஆலை என் கணக்கில் விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருந்தது. அதனால் பழைய கணக்கு புதிய கணக்கோடு சேராமல், எனக்கு நான்கு ஆண்டுப் பணி மட்டுமே இருப்பதாகத் திரையில் தெரிந்திருக்கிறது. கடைசிப் பிடித்தம் முடிந்து இரண்டு மாதம் கடந்திருந்தால் விலகிய தேதியை உறுப்பினரே பதிந்துகொள்ளலாம். பத்து நிமிட வேலை. அந்த உதவி மையத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். வீடு வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் இன்றே தங்கள் பழைய கணக்குகளைத் திறந்து இந்தத் தேதியைச் சரிபாருங்கள்.

கணக்குகள் சேர்ந்த பிறகு ஆகஸ்டு கடைசியில் மீண்டும் விண்ணப்பித்தேன். இணைத்த காசோலையில் என் பெயர் அச்சாகவில்லை என்று அதுவும் திரும்பியது. மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பெயர் அச்சிட்ட காசோலைப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டு, அன்றிரவு முதல்முறையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8.25 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், இப்போது எடுக்கும் ஆறு லட்சம் என் 58-ஆம் வயதில் ஏறத்தாழ 19 லட்சத்து 70 ஆயிரமாக இருந்திருக்கும். கணக்குப் பிரிவில் இருபது ஆண்டு இருப்பவன், என் சொந்தப் பணத்துக்கு இந்தக் கணக்கை இரண்டு விண்ணப்பத்துக்குப் பிறகுதான் போட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. தாளைப் பார்த்த மனைவி, "நகைய மீட்டுக்கலாங்க. பி.எஃப். எடுத்தா எடுத்ததுதான்" என்றாள். மறுநாள் 16 பவுனை அடகு வைத்து ஐந்தரை லட்சம் வாங்கினோம். மூன்றாவது விண்ணப்பத்தை நான் அனுப்பவேயில்லை.

இதே கணக்குதான் கடன் காலத்தையும் முடிவு செய்தது. மனைவியின் வயதைக் காட்டி 20 ஆண்டு போட்டுக்கொள்ளுங்கள், தவணை 45,127 ரூபாய்தான் வரும் என்று வங்கியில் வற்புறுத்தினார்கள். 8.5 சதவீதத்தில் 15 ஆண்டுக்குத் தவணை 51,206. மாதம் ஆறாயிரம் கூடுதல்தான். ஆனால் மொத்தத்தில் 16 லட்சம் வட்டி குறைகிறது, நான் ஓய்வு பெறும்போது கடனும் முடிகிறது. சம்பளம் நின்ற பிறகு ஐந்து ஆண்டு தவணை கட்ட வேண்டியிருந்தால், அதுவும் வைப்பு நிதியிலிருந்துதான் போகும். கை இறுக்கமாகத்தான் இருக்கிறது. மனைவியின் பி.பி.எஃப்.-இல் மாதம் 8,000 போட்டதை ஓராண்டுக்கு 3,000 ஆக்கியிருக்கிறோம், நிறுத்தவில்லை.

இனி அந்தக் கனடா மகளின் பங்குக்கு வருகிறேன். ஜூனில் கிரய ஒப்பந்தம் போட்டபோது அவர் விடுமுறைக்குச் சேலத்தில்தான் இருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அன்றே இதே அலுவலகத்தில் அண்ணன் பெயருக்கு ஒரு பவர் பதிந்திருந்தால் தீபாவளி வார அலைச்சலே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் வாரிசு ஊருக்கு வந்தால், அவர் விமானம் ஏறும் முன் பவரைப் பதிந்துவிடுங்கள்.

வரிப் பிடித்தத்தில் இன்னொரு பள்ளம் இருந்தது. ஆளுக்கு 18 லட்சம்தானே, 50 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் டி.டி.எஸ். வேண்டாம் என்று விற்பவர்களின் வரி ஆலோசகர் உறுதியாகச் சொன்னார். 2024 அக்டோபர் 1 முதல் எத்தனை பேர் பங்காக இருந்தாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். உள்நாட்டில் இருக்கும் மூவருக்கு ஒரு சதவீதம். வாங்குபவர் இருவர், விற்பவர் மூவர் என்பதால், பிடித்த வரியைச் செலுத்தும் 26கியூபி படிவம் ஆறு நிரப்பினேன். மகளுக்கு அந்த ஒரு சதவீதம் பொருந்தாது. அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவின்கீழ் மேல்வரியோடு 13 சதவீதம், அதாவது 2,34,000 ரூபாய் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் வரி பிடிப்பவருக்கான டான் எண்ணும் வாங்க வேண்டியிருந்தது. அவர் தொலைபேசியில் மிகவும் கோபப்பட்டார். குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் அவரே கேட்டு வாங்கியிருக்கலாம், அதற்கு நேரமில்லை. கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்று விளக்கினேன். ஒரு சதவீதத்தோடு விட்டிருந்தால், மிச்ச வரியை வட்டியோடு என்னிடம் கேட்டிருப்பார்கள். அதுவும் எந்தப் பணத்திலிருந்து போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கார்த்திகை பிறந்த பிறகு, முத்திரை பெற்ற பவரோடு மறுபடியும் போனோம். இம்முறை தடை விரல் ரேகையில் வந்தது. விற்பவரின் தாயாருக்கு எழுபத்தாறு வயது. கட்டை விரலில் ரேகை தேய்ந்து, கருவி நான்கு முறை சிவப்பு விளக்கையே காட்டியது. எல்லோர் முகமும் வாடிவிட்டது. கருவிக்கு அருகில் இருந்த இளம் பெண் ஊழியர் எழுந்து வந்து, "பதறாதீங்க பாட்டி" என்று அவர் கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு வரத் தேய்த்து, முந்தானையில் விரலைத் துடைத்து, ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. ஆறு மாதத்தில் எந்த அலுவலகத்திலும் எங்களுக்குக் கிடைக்காத கனிவு அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

சொத்து வரியும் மின் இணைப்பும் பெயர் மாறிவிட்டன. பொங்கலுக்குப் பிறகு வந்த ஊக்கத்தொகையில் நான்கு பவுனை மீட்டோம். பன்னிரண்டு பவுன் இன்னும் அடகில் இருக்கிறது.