கடற்கரைப் பிள்ளைகளும் இரத்தவியல் ஆய்வும்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் போதும், பிள்ளை தேறிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் பரவலான நம்பிக்கை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022 ஜனவரியில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 100 இடங்களோடு திறக்கப்பட்டது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவக் குடும்பங்களிலிருந்தும், கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஊர்களின் எளிய முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் வந்து எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளை இப்போது அடிக்கடி சந்திக்கிறேன். முதுநிலை நீட் தேர்வைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் படிக்கும் காலத்திலேயே ஓர் ஆய்வைச் செய்யலாம், அதற்கு உதவித்தொகை உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருப்பதில்லை. நோய்க்குறியியலில், அதிலும் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனைகளில், வேலை செய்யும் மருத்துவர் என்ற முறையில் எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஆய்வு செய்பவர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்பது ஆய்வின் கேள்வியையே மாற்றக்கூடியது. சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் கறுப்பின மக்களைத் தாக்கும் இந்நோயை 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலாக மருத்துவ இதழில் விவரித்தார். இந்நோயுள்ள சிறு குழந்தைகள் கிருமித்தொற்றால் மளமளவென்று இறந்துபோவார்கள். பெனிசிலின் 1940களிலேயே மருத்துவர்களின் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் அந்த மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் குழந்தைகள் பிழைப்பார்களா என்பதற்கு உறுதியான விடை கிடைக்க 1986 வரை ஆயிற்று. அந்த ஆய்வை முன்நின்று நடத்திய மேரிலின் கேஸ்டன், ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சி மருத்துவராக இருந்த 1964இல், அடிபட்ட அடையாளம் ஏதுமின்றிக் கை வீங்கி வந்த ஒரு குழந்தைக்கு அரிவாள் செல் சோகை இருப்பது தெரியவந்ததே அவரை இத்துறைக்குள் இழுத்தது. 215 குழந்தைகள் பங்கேற்ற அந்த ஆய்வில், தினம் இரு வேளை பெனிசிலின் மாத்திரை எடுத்தவர்களிடம் தொற்று 84 விழுக்காடு குறைந்ததால், குறித்த காலத்துக்கு எட்டு மாதம் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. பிறந்தவுடனேயே குழந்தைகளுக்கு இந்நோய்க்கான பரிசோதனையைச் செய்யும் வழக்கம் அமெரிக்கா முழுவதும் பரவ அதுவே அடிப்படை ஆனது.

இத்தகைய கேள்விகளைக் கேட்பவர்கள் கூட வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க இரத்தவியல் கழகம் சிறுபான்மை மருத்துவ மாணவர்களுக்கென ஒரு விருதுத் திட்டத்தைத் தொடங்கி நடத்தியது. அங்கே சிறுபான்மையினர் என்பது மருத்துவத் துறையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் பெறாத கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர் போன்றோரைக் குறிக்கும். அமெரிக்க, கனடிய மாணவர்களுக்கே அது உரியது என்பதால் நம் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. ஆனாலும் அதன் அமைப்பு நமக்குப் பயன்படும். 8 முதல் 12 வாரம் வரை உதவித்தொகையுடன் ஆய்வு; அதன் பின் கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்குப் பயணம். இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரு மாணவருக்கு இரண்டு வழிகாட்டிகள் என்ற ஏற்பாடு. ஒருவர் ஆய்வைக் கற்றுத்தருபவர். மற்றவர் ஆய்வு முடிந்த பின்னும் தொடர்ந்து, எந்தத் துறையைத் தேர்வது, யாரைப் போய்ப் பார்ப்பது, மனம் தளரும்போது என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் துணை நிற்பவர். மருத்துவரின் பிள்ளைக்கு இந்த இரண்டாமவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவரை யாராவது தேடித் தந்தாக வேண்டும்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. மாணவர்கள் அதை எஸ்.டி.எஸ். என்பார்கள். இளநிலை மாணவர் இரண்டு மாத ஆய்வுக்கான திட்டத்தைத் தம் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் எழுதி அனுப்ப வேண்டும். கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகையும் சான்றிதழும் கிடைக்கும். இது நல்ல திட்டம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பணம் கடைசியில் வருவதால், பேருந்துக் கட்டணம் முதல் பரிசோதனைச் செலவு வரை மாணவர்தான் முன்கூட்டியே போட வேண்டியிருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் வருமானமே இல்லாத ஒரு பிள்ளைக்கு அது சிறு தொகை அன்று. மேலும், கையெழுத்துப் போட ஓர் ஆசிரியர் கிடைப்பது வேறு, கூட உட்கார்ந்து கற்றுத்தர ஒருவர் கிடைப்பது வேறு.

இரத்தவியலை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், இத்துறையில் ஒரு நல்ல கேள்வியைத் தொடங்க மைக்ரோஸ்கோப்பும் இரத்த அணுக்களை எண்ணும் கருவியும் இருந்தால் போதும் என்பதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. பெரும்பாலும் இரும்புச்சத்து மாத்திரையோடு விஷயம் முடிந்துவிடுகிறது; அவர்களில் எவருக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபுக்கூறு இருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு. சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் எண் 13க்குக் கீழே இருந்தால் தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம், மேலே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம் என்று மென்ட்சர் என்ற மருத்துவர் 1973இல் எழுதினார். அந்தக் கணக்கு நம் மாவட்டப் பெண்களிடம் எந்த அளவுக்குச் சரியாக வருகிறது என்று சோதிப்பது ஓர் இளநிலை மாணவர் இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஆய்வு. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் கிளான்ஸ்மன் நோய் போன்ற பரம்பரை இரத்தப்போக்கு நோய்கள் கூடுதலாகத் தோன்றும். அத்தகைய குடும்பத்தின் வம்சாவளியைப் பொறுமையாகக் கேட்டு எழுத, அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் உரிமையோடு பேசத் தெரிந்த பிள்ளையால்தான் முடியும்.

நான் மிகவும் ஆசைப்படும் கேள்வி ஒன்றும் உண்டு. மூச்சடக்கி மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை இரத்த ஓட்டத்தில் சேர்க்கிறது. இந்தோனேசியாவின் பஜாவ் மக்களுக்கு, மூழ்கும் பழக்கமில்லாத பக்கத்து ஊர் மக்களைவிட மண்ணீரல் சுமார் 50 விழுக்காடு பெரிதாக இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்க மூழ்கும் எங்கள் பெண்களின் மண்ணீரல் எப்படி இருக்கிறது, அவர்களில் இரத்தசோகை உள்ளவர்களின் உடல் அந்த உழைப்பை எப்படித் தாங்குகிறது? பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் ஒரு தாயின் மகள் மருத்துவ மாணவியாகி இதைக் கேட்டால், அவளுக்குக் கிடைக்கும் பதில்கள் வெளியூரிலிருந்து வருபவருக்குக் கிடைப்பதைவிட உண்மையாக இருக்கும்.

ஆகவே எங்கள் மாவட்டத்து மருத்துவர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொருவரும் ஒரு மாணவருக்கு அந்த இரண்டாம் வழிகாட்டியாக, படிப்பு முடியும் வரை, இருக்க முன்வர வேண்டும் என்பதே. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986லேயே தொடங்கிய வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இரத்தவியலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை அந்த மாணவர் ஒரு முறையேனும் நேரில் காண ஏற்பாடு செய்யுங்கள். ஜமாத்துகளும் பங்குக் கோயில்களும் கல்வி அறக்கட்டளைகளும் கல்லூரிக் கட்டணத்துக்கு மனமுவந்து உதவுகின்றன; அதோடு ஆய்வுக்கான முன்பணத்தையும், இந்திய இரத்தவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடான ஹீமட்டோகானுக்குச் சென்றுவரும் செலவையும் அவை ஏற்கலாம். மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோய்க்குறியியல் பாடம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது என்று காத்திருக்காமல் முதலாண்டிலேயே அத்துறை ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள்; எஸ்.டி.எஸ். அறிவிப்பு வெளியாகும் நேரத்தில் கேள்வியும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பமும் உங்கள் கையில் தயாராக இருக்க வேண்டும்.