ஒலிவ மலை இறக்கத்தில் "எங்கள் பிதாவே"

எருசலேமுக்குப் புனிதப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் ஒலிவ மலையின் உச்சியிலிருந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். இறக்கம்தானே, வயதானவர்களும் சமாளித்துவிடலாம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை நம்ப வேண்டாம். ஏற்றத்தைவிட இந்த இறக்கம்தான் ஆளைப் படுத்தும். உச்சியில் முதலில் வருவது பாத்தர் நோஸ்தர் ஆலயம். லத்தீனில் அதற்கு "எங்கள் பிதாவே" என்று பொருள். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்ற ஜெபத்தை இயேசு கற்றுக்கொடுத்தது இங்கேதான் என்று திருச்சபை நெடுங்காலமாக நினைவுகூர்ந்து வருகிறது.

வேதத்தில் ஊர்ப் பெயர் இல்லை. மத்தேயு இந்த ஜெபத்தைக் கலிலேயாவில் நடந்த மலைப்பிரசங்கத்துக்குள் வைக்கிறார். லூக்கா 11ஆம் அதிகாரம் இயேசு "ஓரிடத்தில்" ஜெபம்பண்ணி முடித்தபின்பு என்று மட்டும் சொல்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் மார்த்தாள், மரியாள் வீட்டுச் சம்பவம் வருகிறது. அவர்களுடைய ஊரான பெத்தானியா இதே மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. அதனால் இந்தப் பாரம்பரியம் முற்றிலும் ஆதாரமில்லாதது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில், 4ஆம் நூற்றாண்டில், இங்கிருந்த ஒரு குகையின் மேல் ஆலயம் எழும்பியது. 614இல் பாரசீகப் படை அதை இடித்தது. சிலுவைப்போர் வீரர்கள் கட்டியதும் நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசி இந்த நிலத்தை வாங்கி, கார்மேல் சபைக் கன்னியருக்கு மடம் கட்டிக்கொடுத்தார். பழைய ஆலயத்தை மறுபடி எழுப்பும் வேலை 1915இல் தொடங்கி, பணம் போதாமல் பாதியில் நின்றுபோனது. இன்றைக்கும் அந்தப் பகுதி கூரையில்லாமல்தான் இருக்கிறது. இளவரசியின் கல்லறையும் இங்கேயே உள்ளது. தன் தகப்பனுடைய இருதயத்தை ஒரு கலசத்தில் வைத்து இந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். பிதாவின் ஜெபம் பொறித்த சுவர்களுக்கு நடுவே ஒரு மகள் தன் தகப்பனின் இருதயத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர்களுடைய உறவு எப்படிப்பட்டது என்று அந்தக் கல்லறை நமக்குச் சொல்வதில்லை. நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சுவரெங்கும் பீங்கான் ஓடுகளில் அந்த ஜெபம், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில். தமிழும் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் எல்லாக் குழுக்களும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: புகைப்படம் எடுத்தோம். அப்புறம் போதகர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபித்தோம்.

என் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் முதல் வரியில் வாய் திறக்கவில்லை. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்ற இடத்தில்தான் சேர்ந்துகொண்டார். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தபோது அவரே அதைப் பற்றிச் சொன்னார்.

"அந்த வரி எனக்கு வராது தம்பி. எங்க அப்பா வீட்டுக்கு வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே நாங்க கட்டிலுக்கு அடியில போய்டுவோம். ஆண்டவரேன்னு கூப்பிடுவேன், இயேசப்பான்னுகூட கூப்பிடுவேன். பிதாவேன்னு மட்டும் வராது."

என்னிடம் பதில் இல்லை. பிரசங்கங்களில் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு: "உங்கள் அப்பா உங்களை எவ்வளவு நேசித்தார்! பரமபிதா அதைவிட எத்தனை மடங்கு நேசிப்பார்!" நல்ல அப்பா வாய்த்தவர்களுக்கு அது போதும். இந்த அக்காவுக்கு அதைச் சொன்னால் புண்ணில் கை வைத்தது போலாகும். இயேசுவே அப்படிச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அப்பங்கேட்ட மகனுக்குக் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று கேட்டுவிட்டு, "பொல்லாதவர்களாகிய நீங்கள்" என்றுதான் தொடர்கிறார். பூமியிலுள்ள தகப்பன்மாரைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பவுலும் எபேசியர் நிருபத்தில், பிதாவினாலேதான் எல்லாக் குடும்பத்துக்கும் நாமம் வழங்கப்படுகிறது என்று எழுதுகிறார். மேலே இருப்பவரைக் கொண்டு கீழே உள்ளவர்களை எடைபோட வேண்டும். நாம் கீழே தொடங்கி மேலே போகப் பார்க்கிறோம். கீழேயே உடைந்திருந்தால் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

அப்படியானால் அந்தப் பிதா எப்படிப்பட்டவர் என்று யாரிடம் கேட்பது? அவரைப் பிதாவே என்று கூப்பிட்டு வாழ்ந்த குமாரனிடம்தான் கேட்க வேண்டும். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த நினைப்போடுதான் நான் மலையிறங்கத் தொடங்கினேன்.

பாதை குறுகலானது. இருபுறமும் மதில். ஒரு பக்கம் யூதர்களின் பழங்காலக் கல்லறைத் தோட்டம், எதிரே கெதரோன் பள்ளத்தாக்குக்கு அப்பால் பழைய நகரம். பாதி வழியில் தோமினுஸ் பிளேவித் ("ஆண்டவர் அழுதார்") என்ற சிற்றாலயம் வருகிறது. எருசலேமைப் பார்த்து இயேசு கண்ணீர் விட்டதன் நினைவாக, கண்ணீர்த் துளி வடிவில் 1955இல் கட்டப்பட்டது. அதன் பலிபீடத்தின் முன்பக்கத்தில் தாய்க்கோழி ஒன்று சிறகு விரித்துக் குஞ்சுகளை அணைத்திருக்கும் மொசைக் படம். "கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்வண்ணமாக நான் எத்தனைதரமோ உன் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ள மனதாயிருந்தேன், உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று."

குமாரனைக் கண்டவன் பிதாவைக் கண்டான் என்றால், இந்தக் கோழியில் தெரிவதும் பிதாவின் மனம்தான். அந்த அக்கா குழு நகர்ந்த பிறகும் அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றிருந்தார். நான் எதுவும் விளக்கப் போகவில்லை.

மலையடிவாரத்தில் கெத்செமனே, சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு ஜெபித்த தோட்டம். உண்மையில் எனக்குக் கடினமாக இருந்த இடம் இதுதான். தோட்டத்தில் மிகப் பழைய ஒலிவ மரங்கள் எட்டு இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் சில மரங்களின் அடிமரத்தைச் சோதித்து 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்திருக்கிறார்கள். ஆக, இயேசுவைக் கண்ட மரங்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் 1924இல் கட்டி முடித்த சர்வதேச ஆலயம். ஊதா நிறச் சன்னல்களால் உள்ளே பகலிலும் அரையிருட்டு. பலிபீடத்துக்கு முன்னால் தரையோடு ஒரு பாறை, அதைச் சுற்றி முள்முடி வடிவில் இரும்பு வேலைப்பாடு. முழங்காற்படியிட்டுப் பாறையைத் தொடலாம்.

"அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்."

உச்சியில் "மகன் அப்பங்கேட்டால் கல்லைக் கொடுப்பானா" என்று படித்துவிட்டு, சிறிது தூரம் இறங்கி வந்தால் இந்தப் பாறை. கேட்டவர் ஒரே பேறான குமாரன். பாத்திரம், அதாவது அவருக்கு வரவிருந்த பாடுகள், எடுக்கப்படவில்லை. கையில் கல்லைத்தான் கொடுத்தாரா பிதா? வியாதிப் படுக்கை அருகே ஜெபித்து அது கேட்கப்படாமல் போன எவரும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது அவசரமாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எபிரெயர் 5ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இயேசு பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணினார், அது கேட்கப்பட்டது என்று அந்த நிருபம் சொல்கிறது. கேட்கப்பட்டதா? எப்படி? லூக்காவைத் திருப்பிப் பார்த்தால், வானத்திலிருந்து ஒரு தூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான் என்று இருக்கிறது. அதற்குப் பிறகும் வியாகுலம் குறையவில்லை. அதிக ஊக்கத்தோடே ஜெபம்பண்ணினார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. பாத்திரம் விலகவில்லை, ஆனால் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவும் இல்லை. ஆள் அனுப்பினார். கூட இருந்த மூன்று சீஷர்களும் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

இதனால் எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாள் சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறலும் இருக்கிறது. "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற கடைசி வார்த்தையும் இருக்கிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. மார்பில் அடித்துக்கொண்டு அழலாம், கேள்வி கேட்கலாம். அப்படிச் செய்தாலும் பிள்ளை பிள்ளைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக, இயேசுவின் கல்லறை இருந்த இடமென்று நம்பப்படும் கல்லறை ஆலயம். நெரிசல், தூப வாசனை, ஒவ்வொரு சபைக்கும் ஒரு மூலை. கல்லறைக்குள் போகிற வரிசை நீண்டு கிடந்தது. அதன் வடபக்கத்தில் மகதலேனா மரியாளுக்கு ஆண்டவர் தரிசனமான இடமென்று ஒரு சிற்றாலயம், சுவரில் இருவரின் வெண்கல உருவங்கள். வரிசையில் நிற்கிறவர்களில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் போதகர் அங்கே நிறுத்தி யோவான் 20ஆம் அதிகாரத்தை வாசித்தார். "நீ என் சகோதரரிடத்திற்குப் போய், நான் என் பிதாவினிடத்திற்கும் உங்கள் பிதாவினிடத்திற்கும், என் தேவனிடத்திற்கும் உங்கள் தேவனிடத்திற்கும் ஏறிப்போகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லு."

யோவான் நற்செய்தியில் அதுவரை "என் பிதா", "பிதா" என்றே சொல்லி வந்தவர், சீஷர்களைக் குறித்து "உங்கள் பிதா" என்று சொல்வது இங்கேதான். அதுவும் மரணத்தைக் கடந்து வந்த பிறகு. பாத்திரத்தை எடுத்துப்போடாத பிதா குமாரனைக் கல்லறையில் விட்டுவைக்கவில்லை. அந்தக் குமாரன் இப்போது தன் தகப்பனை நமக்கும் தகப்பனாகத் தருகிறார். நம் வீட்டு அப்பா நல்லவராக இருந்தாரா இல்லையா என்பது இந்தப் பத்திரத்தில் எந்த வரியிலும் இல்லை.

அக்கா என் தோளைத் தட்டினார். "சகோதரர்னு யாரைச் சொல்றார் தம்பி? விட்டுட்டு ஓடிப்போனாங்களே, அவங்களையா?"

"ஆமாம் அக்கா."

"பேதுருவையும் சேர்த்துத்தானே?"

"சேர்த்துத்தான். மாற்குவில் தூதன் பேதுருவின் பேரையே சொல்லி அனுப்புகிறான்."

"அந்த வசனத்தைக் காட்டுங்க" என்றார். மாற்கு 16:7ஐ எடுத்துக் கொடுத்தேன். வரிசை நகர நகர அவர் அதை வாசித்துக்கொண்டே வந்தார்.