மென்படல சென்சாரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோக அனுமதி வாங்கிய அனுபவம்

மனிதர்கள் மீதான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சிதான், ஆனால் எரிச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பாலிமர், மென்படலம் என்று ஆய்வுக்கூடத்திலேயே இருந்துவிட்டு முதல்முறையாக நோயாளிகளிடம் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் திட்டம் இதுதான். முழு மயக்கத்தில் அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் ஒரு விரலில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஒளியால் அளக்கும் வழக்கமான பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கும். இன்னொரு விரலில் நாங்கள் செய்த கரிமப் போட்டோடையோடு (ஒளியை மின்சாரமாக மாற்றும் மென்படலம்) புரோபை மாட்டி, இரண்டின் பதிவுகளையும் பிறகு ஒப்பிட வேண்டும். எங்கள் கருவி காட்டும் எண் மயக்க மருந்து நிபுணரின் கண்ணிலேயே படாது. அதை வைத்து யாரும் சிகிச்சை முடிவு எடுக்க மாட்டார்கள். "வெறும் பதிவுதானே, அனுமதி சுலபமாகக் கிடைக்கும்" என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பெரிய சிக்கல் இல்லை. 2014-இல் பெர்க்லியில் அனா அரியாஸின் குழு முழுக்கக் கரிமப் பொருள்களாலான ஆக்சிமீட்டர் சென்சாரைச் செய்து காட்டியபோது, வழக்கமான சிவப்பு, அகச்சிவப்புக்குப் பதிலாகச் சிவப்பும் பச்சையும் பயன்படுத்தினார்கள். அன்றைய கரிமக் கலவைகள் பலவும் அகச்சிவப்பைச் சரியாக உறிஞ்சாது. இப்போது ஃபுல்லரீன் அல்லாத ஏற்பிகள் (கலவையில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் புதுவகைக் கரிமப் பொருள்கள்) வந்துவிட்டதால் 900 நானோமீட்டர் வரையிலும் அதற்கு அப்பாலும் போக முடிகிறது. 660, 940 என்ற வழக்கமான எல்.இ.டி. இணையையே வைத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் தாளின் மேல் படலம், அதன் மேல் ஈரமும் ஆக்சிஜனும் புகாத உறை. விரலைச் சுற்றி வளைகிறது, நன்றாக வேலை செய்கிறது. அவ்வளவுதான். இனிமேல்தான் விஷயமே.

முதல் அடி அலுவலகத்தில் விழுந்தது. கோப்பை வாங்கிய எழுத்தர் பக்கங்களை எண்ணினார், கையெழுத்துகளைப் பார்த்தார், "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று உள்ளே வைத்துவிட்டார். குழு கூடுவதற்குச் சற்று முன்புதான் தகவல் வந்தது: விண்ணப்பப் படிவத்தின் பதிப்பு மாறிவிட்டதாம், புதிய படிவத்தில் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம். பழைய படிவத்தை எங்களுக்குக் கொடுத்ததே அதே அலுவலகம்தான். குழு மாதம் ஒருமுறைதான் கூடும். ஒரு தாளுக்காக ஒரு மாதம் போயிற்று. புதிய படிவத்தில் கூடுதலாக இருந்தவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் பதில் எங்கள் ஆய்வுத் திட்டத்திலேயே இருந்தது. அன்றே தொலைபேசியில் சொல்லியிருந்தால் மாலைக்குள் நிரப்பிக் கொடுத்திருப்போம். கோப்பு கொடுக்கும்போது படிவத்தின் அடியில் இருக்கும் பதிப்பு எண்ணைக் காட்டி, "இதுதான் இப்போது நடப்பில் இருப்பதா?" என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மயக்க மருந்துத் துறையிலிருந்து எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்யும் மருத்துவர் தன் அன்றைய பணியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கூட்டமே நடக்கவில்லை. அறிவியல், மருத்துவம் சாராத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் அவையில் இருந்தாக வேண்டும். அன்று அவர் வரவில்லை. விதி நியாயமானது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அவர் வரமாட்டார் என்பது அலுவலகத்துக்குக் காலையிலேயே தெரிந்திருக்கிறது. ஒரு குறுஞ்செய்தி போதும். ஒரு மயக்க மருந்து நிபுணரின் அரை நாள் என்பது தியேட்டர் பட்டியலில் எத்தனை பேரை நகர்த்தி வைக்கிறது என்று அந்த அலுவலகத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

அப்புறம் கையெழுத்துப் பிரச்சினை. மயக்க மருந்துத் துறைத் தலைவர் கையெழுத்திட்டிருந்தார். அது போதாது என்றார்கள். நோயாளி அனுமதிக்கப்படுவது அறுவை சிகிச்சை நிபுணரின் பெயரில், அதனால் அந்தத் துறைத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலில் இது எங்குமே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றேன். ஆனால் அந்த மருத்துவர் எங்கள் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட கேள்வி முக்கியமானது: "லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் வயிற்று அறுவை சிகிச்சையில், பல நேரம் கையை உடம்போடு சேர்த்துச் சுற்றி, மேலே துணி போர்த்திவிடுவோம். உங்கள் புரோப் உள்ளே எங்கே அழுந்துகிறது என்று யார் பார்ப்பார்கள்?" மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தம் இருந்தால் தோல் புண்ணாகும். போதாததற்கு எல்.இ.டி.யின் சூடு வேறு. ஆக்சிமீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 80601-2-61 தரநிலையில் தோலைத் தொடும் பரப்பின் வெப்பநிலைக்கென்றே தனி வரம்பு இருக்கிறது. கை வெளியே நீட்டி, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் அறுவை சிகிச்சைகளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று அங்கேயே முடிவு செய்தோம். எந்தப் படிவமும் கேட்காவிட்டாலும் அறுவை சிகிச்சைத் துறையை முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள்.

மின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நேரத்தைத் தின்றது இதுதான். நோயாளியின் உடலைத் தொடும் எந்த மின்கருவிக்கும் ஐ.இ.சி. 60601-1 தரநிலைப்படி கசிவு மின்னோட்டம் அளக்க வேண்டும். எங்களுடையது பி.எஃப். வகை, அதாவது நோயாளியைத் தொடும் பகுதி தரைமின் இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. கருவியில் கோளாறு இல்லாத நிலையில் நோயாளி வழியாகப் போகும் மாறுதிசைக் கசிவு 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது. பேட்டரியில் ஓடும் கருவி என்பதால் அளவு மிகக் குறைவாகவே வந்தது. உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவில் சான்றிதழ் சட்டென்று கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு, நோயாளி இல்லாத நேரத்தில் தியேட்டரில் ஒரு ஒத்திகை பார்க்க இடம் கிடைத்தது. காட்டரியை இயக்கிய அடுத்த நொடி எங்கள் அலை திரையிலிருந்து காணாமல் போய்விட்டது. காட்டரி சில நூறு கிலோஹெர்ட்ஸ் மின்சாரத்தால் திசுவை வெட்டும், அந்த இரைச்சல் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கம்பியிலும் ஏறும். மென்படல டையோடின் பரப்பு பெரிது, தடிமன் சில நூறு நானோமீட்டர், அதனால் மின்தேக்கமும் அதிகம். நாங்கள் தேடும் துடிப்போ மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம்தான், பல நேரம் அதற்கும் கீழே. பெருக்கி நிறைந்து வழிந்துவிட்டது. கவசமிட்ட கேபிள், படலத்தின் மேல் மெல்லிய உலோக வலை, புதிய கனெக்டர் என்று மாற்றியதும் அலை திரையில் நிலைத்தது. காட்டரி ஓடும்போதும் துடிப்பு தெரிந்த அந்தத் தருணம் எனக்கு அனுமதிக் கடிதத்தைவிடப் பெரியது.

ஆனால் கனெக்டர் மாறியதால் பழைய சான்றிதழ் செல்லாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி வரிசை. சான்றிதழ் அந்தக் குறிப்பிட்ட வடிவத்துக்குத்தான், ஒரு கம்பியை மாற்றினாலும் புதிது. ஆகவே ஒத்திகையை முதலில் முடியுங்கள், கருவியின் வடிவத்தை இறுதி செய்யுங்கள், பிறகே சோதனைக்குக் கொடுங்கள். இந்த வரிசையை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும். "எப்படிச் சுத்தம் செய்வீர்கள்?" என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி. 134 பாகை நீராவியில் வைத்தால் எங்கள் படலம் அன்றோடு முடிந்தது. ஆல்கஹால் துடைப்பான் என்றால், உறையின் ஓரத்தில் இருக்கும் பசைக்குள் மெல்ல இறங்கும். ஓரம் விட்டால் ஈரம் உள்ளே போகும், இருட்டு மின்னோட்டம் (ஒளி படாதபோதும் கசியும் மின்னோட்டம்) ஏறத் தொடங்கும். கடைசியில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் ஒளி ஊடுருவும் உறைக்குள் புரோபை வைப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். நல்ல தீர்வு. ஆனால் அந்த உறையும் ஒளியைச் சிதறடிக்கும், எனவே உறையோடு சேர்த்து அளவீடுகளை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவினரை ஆய்வுக்கூடத்துக்கே அழைத்துப் படலத்தைக் காட்டுங்கள். எங்கள் விஷயத்தில் கடிதத்தில் நகராதது நேரில் நகர்ந்தது.

குழுவின் முன் நின்ற நாள் நினைத்ததைவிட நன்றாகவே போனது. முதல் கேள்வி தமனி ரத்தம் பற்றி. ஆக்சிமீட்டர் சொல்வது சரியா என்று உறுதியாகப் பார்க்க, தமனி ரத்தத்தைக் கோ-ஆக்சிமீட்டரில் (ரத்த மாதிரியிலேயே ஆக்சிஜன் அளவை நேரடியாக அளக்கும் கருவி) போட வேண்டும். இதில் மிகக் கவனமாக இருங்கள். ஆய்வுக்காகவே தமனியில் குழாய் போடுவோம் என்று எழுதினால் ஆய்வின் ஆபத்து வகையே மாறிவிடும். சிகிச்சைக்காக ஏற்கெனவே குழாய் போடப்பட்டவர்களிடம், எப்படியும் எடுக்கும் மாதிரியின் முடிவை மட்டும் பார்ப்போம் என்று தெளிவாக எழுதியிருந்தோம், அதை ஏற்றுக்கொண்டார்கள். புள்ளியியல் உறுப்பினர் இன்னொன்றைப் பிடித்தார்: மயக்கத்தில் இருப்பவருக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுப்பதால் அளவு பெரும்பாலும் 98, 99 சதவீதம் என்றே இருக்கும், கீழ் அளவுகளில் உங்கள் கருவி சரியா என்று இதில் எப்படித் தெரியும்? தெரியாதுதான். 70 முதல் 100 வரை சோதிக்க, ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜனைக் கட்டுப்பாடாகக் குறைத்துச் செய்யும் ஆய்வு தனியாக வேண்டும். எங்கள் ஆய்வு அலையின் தரத்தையும் காட்டரி, விளக்கு, அசைவு ஆகியவற்றைத் தாங்கும் திறனையும் மட்டுமே பார்க்கிறது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது எங்களைக் காப்பாற்றியது. பெரிதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

தோலின் நிறத்தை அளக்கும் பகுதியை நீக்கச் சொன்னார் ஒரு உறுப்பினர். உணர்வுபூர்வமான தகவல், தேவையில்லை என்பது அவர் வாதம். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். 2020-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது தமனி ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். பல பத்தாண்டுகளாக நம்பிப் பயன்படுத்தும் கருவியிலேயே இப்படி என்றால், புதிய சென்சாரைச் செய்பவர்கள் முதல் நாளிலிருந்தே இதைப் பார்க்காமல் இருப்பது அநியாயம். இனம் எது என்று கேட்க மாட்டோம், நிறமானியை நெற்றியிலும் விரலிலும் வைத்து அளப்போம், பெயரோடு சேர்க்க மாட்டோம் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அன்று எனக்கு நிறைவளித்தது அதுதான்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி, முந்தைய கூட்டத்துக்கு வராத அந்தப் பொதுமக்கள் பிரதிநிதியிடமிருந்து வந்தது. "ஏங்க, மயக்கத்துல இருக்கறவர் விரல் வலிக்குதுன்னு எப்படிச் சொல்லுவார்?" அறையில் இருந்த மருத்துவர்கள் யாரும் கேட்காத கேள்வி. அரை மணிக்கு ஒருமுறை விரலைப் பார்ப்பது, குறித்த நேரத்துக்கு மேல் ஒரே விரலில் விடாமல் மாற்றுவது, பார்த்தவர் கையெழுத்திடுவது என்று ஒரு பக்கம் சேர்த்தோம். ஒப்புதல் வாங்கும் நேரத்தையும் அவரே மாற்ற வைத்தார். அறுவை சிகிச்சை நாளின் காலையில் பயத்தோடு படுத்திருப்பவரிடம் தாளை நீட்டக் கூடாது. பதற்றத்தைத் தணிக்கும் மிடாசோலாம் கொடுத்த பிறகு வாங்கும் கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை, அந்த மருந்து அதன் பிறகு நடப்பதை நினைவில் பதிய விடாது. இப்போது, முன்கூட்டியே நடக்கும் மயக்க மருந்துப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்குகிறோம், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்லலாம் என்கிறோம். ஒப்புதல் படிவத்தில் "போட்டோடையோடு" என்ற சொல்லே இல்லை, "ஒளியை உணரும் மெல்லிய பட்டை" என்று மாற்றிவிட்டோம்.

மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது ஒரு நாள் வேலை. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் முடித்துவிடுங்கள், பிறகு செய்தால் பல இதழ்கள் கட்டுரையை ஏற்காது. அறுவை சிகிச்சையில் மெத்திலீன் நீலம், இண்டோசயனின் பச்சை போன்ற சாயங்கள் செலுத்தப்படுபவர்களை விலக்குப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், எல்லா ஆக்சிமீட்டரும் அப்போது பொய் சொல்லும்.

இப்போது ஒன்று மட்டும் பாக்கி. படலத்தின் கலவையை மேம்படுத்தினால் அதுவும் திருத்தமாகக் குழுவுக்குப் போக வேண்டுமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். தோலைத் தொடுவது வெளி உறைதான், அது மாறவில்லை என்பது எங்கள் வாதம். பதில் வரும்வரை பழைய கலவையில் செய்த புரோப்களையே தியேட்டருக்கு அனுப்புகிறோம். ஒரே தொகுதியில் போதுமான அளவு செய்து நைட்ரஜன் பெட்டியில் முன்பே சேமித்து வைத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. நீங்களும் விண்ணப்பம் போடும்போதே அந்தத் தொகுதியைச் செய்து வைத்துவிடுங்கள்.