மயில்சாமி அண்ணாதுரை சார்கிட்ட நேர்ல பேசின அனுபவம்

பெரிய ஆளுங்க பேச்சு முடிஞ்சதும் அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசறது எப்படின்னு யோசிக்கறவங்களுக்கு எனக்கு நடந்ததை சொல்றேன், யாருக்காச்சும் யூஸ் ஆகும். எங்க ஊரு நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கமுங்க. சித்தம்பூண்டி எங்களுக்கு கிட்டத்துல. சித்தம்பூண்டி, குன்னமலை பாறைய எடுத்துட்டு போய் அரைச்சு பொடியாக்கித்தான் பெங்களூர்ல நிலா மண்ணு மாதிரியே ஒரு மண்ணு தயார் பண்ணாங்க, சந்திரயான் 2 லேண்டரும் ரோவரும் எறங்கி ஓடிப்பாக்க. நிலாவோட மேட்டுப் பகுதி பெரும்பாலும் அனார்த்தசைட்டுங்கற பாறைதான், அதே வகை எங்க பக்கத்துல ஆடு மேய்க்கற காட்டுல சும்மா கெடக்கு. அதை தயார் பண்ணது இஸ்ரோவோட பெங்களூர் சாட்டிலைட் சென்டர், அங்க 2015ல இருந்து 2018 வரைக்கும் டைரக்டரா இருந்தவருதான் அண்ணாதுரை சார்.

அதனால ஒரு காலேஜ் விழாவுல அவரு பேசறாருன்னு தெரிஞ்சதும் அக்கா பொண்ணையும் கூட்டிக்கிட்டு கெளம்பிட்டேன். அவ பத்தாவது. சினிமாக்காரங்கள விட இவரைத்தான் அவளுக்கு புடிக்கும், கோதவாடியில பொறந்து தமிழ் மீடியத்துல படிச்சு சந்திரயான் 1க்கு திட்ட இயக்குநர் ஆனவருன்னு எட்டாவதுலயே ஸ்கூல்ல பேச்சுப்போட்டியில பேசினவ.

முதல் விஷயம், சீட்டு. முன்வரிசை பூரா ரிசர்வ்டுன்னு பேப்பர் ஒட்டியிருந்துச்சு, நடுவுல உக்காந்தா வெளிய வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும், அதனால மேடைக்கு ஏர்ற படி எந்தப்பக்கம்னு பாத்து அந்தப்பக்க ஓரத்துல உக்காந்தோம். பக்கத்துல மைக் செட் அண்ணன். இந்த மாதிரி விழாவுல யாருகிட்ட வேணா பேசாம இருங்க, மைக் செட்காரர்கிட்ட மட்டும் பேசிருங்க. விருந்தாளி எப்ப வர்றாரு, எந்த வழியா போவாரு, காரு எங்க நிக்குது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும், பிரின்சிபாலுக்கு கூட தெரியாது.

பேச்சு நல்லா இருந்துச்சு, அதைப்பத்தி நான் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல, நீங்களே கேட்டிருப்பீங்க. கேள்வி இருந்தா துண்டுச்சீட்டுல எழுதிக் குடுங்கன்னாங்க, இவளும் எழுதி குடுத்தா, ஆனா அப்புறம் பொன்னாடை ஆரம்பிச்சிருச்சு. சேர்மன், செயலாளர், அவங்க சம்பந்தி, துறைத்தலைவருங்க எல்லாரும் ஒவ்வொருத்தரா போத்தி முடிச்சு, நினைவுப்பரிசு குடுத்து, நன்றியுரைன்னு ஒருத்தரு பந்தல் போட்டவர் வரைக்கும் பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள கேள்வி நேரம் போயிருச்சு. அந்த சீட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டத்துல அப்படியே மேடை ஓரத்துல கெடந்துச்சு. பொன்னாடைக்கு இருக்கற நேரம் பசங்க கேள்விக்கு இல்லைங்கறது எங்க போனாலும் இதேதான்.

நாட்டுப்பண் முடிஞ்ச அடுத்த நிமிஷம் கூட்டம் தேர் வடம் புடிக்கற மாதிரி மேடைய பாத்து ஓடுச்சு. எல்லார் கையிலயும் போன். வாலண்டியர் பசங்க கைகோத்து வளையம் போட்டுட்டு "சார் டயர்டா இருக்காரு, ப்ளீஸ் ப்ளீஸ்"னு கத்தறாங்க, இவ அழற மாதிரி ஆயிட்டா. மைக் செட் அண்ணன் வயர சுத்திக்கிட்டே, "அங்க நிக்காதீங்க, ஜெனரேட்டர் பக்கம் போங்க, டீ குடிச்சிட்டு அந்த வழியாத்தான் வருவாரு"ன்னாரு. போனோம். டிரைவர்கிட்ட மரியாதையா சொன்னோம், ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு போயிருவோமுங்கன்னு. அவரும் பாப்பாவ பாத்துட்டு, கதவு பக்கம் நிக்காம கொஞ்சம் தள்ளி லைட் வெளிச்சத்துல நில்லுங்கன்னாரு. கொசு புடுங்குச்சு, ஜெனரேட்டர் புகை வேற.

வந்தாரு. கூட அஞ்சாறு பேரு. நான் வணக்கம் சொல்றதுக்குள்ள இவ முந்திக்கிட்டு கேட்டுட்டா: சார், 2009ல சந்திரயான் 1ல ரெண்டு ஸ்டார் சென்சாரும் கெட்டுப்போச்சே, அப்புறம் எந்தப்பக்கம் திரும்பியிருக்குன்னு எப்படி கண்டுபுடிச்சீங்க? கூட இருந்தவரு "கண்ணு, நேரமாச்சு"ன்னு கைய நீட்டினாரு, ஆனா சார் நின்னுட்டாரு. செல்பி கேட்டிருந்தா நடந்துக்கிட்டே சிரிச்சிட்டு போயிருப்பாருன்னு தோணுச்சு. கைய விண்கலம் மாதிரி வெச்சு திருப்பித்திருப்பி காமிச்சு சொன்னாரு. நட்சத்திரத்த பாத்து திசை சொல்ற கருவி போனதும் விண்கலம் எவ்வளவு திரும்புதுன்னு அளக்கற கைரோஸ்கோப்ப வெச்சு சமாளிச்சது, ஆன்டெனா எந்தப்பக்கம் பாக்குதுங்கற கணக்கு, நிலாவுல தெரிஞ்ச எடங்களோட போட்டோவ வெச்சு சரிபாத்தது, 100 கிலோமீட்டர்ல இருந்த சுற்றுப்பாதைய 200க்கு ஏத்தினது, இதெல்லாம். ரெண்டு வருஷம் ஓடணும்னு அனுப்பினது 312 நாள்ல நின்னுச்சு, ஆனா அதுல போன நாசா கருவி குடுத்த டேட்டாவுலதான் நிலாவுல தண்ணி இருக்கறது தெரிஞ்சுது, அது அவ நோட்டுல ஏற்கனவே எழுதி வெச்சிருந்தா.

அப்பத்தான் நான் பையில இருந்த கல்ல எடுத்தேன். சித்தம்பூண்டி கல்லு, உள்ளங்கையில அடங்கற சைசு, வெள்ளையில அங்கங்க கருப்பு புள்ளி. "எங்க ஊருங்க"ன்னு நீட்டினேன், வேற வார்த்தை வரல. வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு சிரிச்சாரு, சித்தம்பூண்டியான்னு அவரே கேட்டாரு. அப்புறம் கல்ல இவ கையில குடுத்துட்டு, இயற்பியல் நோட்டுல தமிழ்ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு கார்ல ஏறிட்டாரு.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். ரொம்ப பெரிய விழா, மந்திரியெல்லாம் வர்ற எடம்னா இது நடக்காது, போலீஸ் காருகிட்டயே விடாது. காலேஜ் விழா, புத்தகத் திருவிழா, இந்த மாதிரி எடத்துல முயற்சி பண்ணுங்க. கேள்விய ஒரே மூச்சுல கேக்கற அளவுக்கு சின்னதா வெச்சுக்கங்க, உங்க சொந்தக்கதைய மொதல்ல ஆரம்பிக்காதீங்க. பேனா உங்களுதே இருக்கணும், அங்க யாருகிட்டயும் கேட்டா கெடைக்காது.

பரபரப்புல போட்டோ எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல. வீட்டுக்கு வந்ததும் அக்கா அதைத்தான் புடிச்சுக்கிச்சு, அவ்வளவு தூரம் போயி ஒரு போட்டோ இல்லையான்னு. நோட்டு கையெழுத்த காமிச்சா, "இதை நீயே போட்டிருப்ப"ங்குது.