செல்லாது என்று சொல்லப்பட்ட கல்யாணங்கள்

1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், புரோகிதரும் சடங்கும் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஹோமம் இல்லை, ஏழு அடி வைக்கவில்லை, வழிவழியாக வந்த வழக்கமும் இல்லை, அதனால் இந்துத் திருமணமே ஆகாது என்பது வாதம். அதற்குள் எத்தனையோ பேர் பெரியவர்கள் முன்னிலையில் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, பிள்ளை பெற்று வளர்த்து, பேரன் பேத்திகூட எடுத்திருப்பார்கள். சட்டத்தின் கணக்கில் அந்த மனைவி மனைவி இல்லை, பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறி. அப்படியும் பலர் புரோகிதரைக் கூப்பிடாமலேதான் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில்தான் சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. முன்பு நடந்த கல்யாணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அதிலேயே எழுதினார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

சரி, அப்படியானால் மனசாட்சி சொல்வதைக் கேட்டால் போதும், சட்டம் எதற்கு என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். சாதி மாறிக் கல்யாணம் செய்த சொந்த மகளை வெட்டுகிறவனும் மானம், மரியாதை, எங்கள் தர்மம் என்றுதான் பேசுகிறான், தான் செய்தது சரி என்று மனதார நம்பவும் செய்கிறான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அன்று மாலை மாற்றியவர்கள் தங்கள் கொள்கைக்குத் தங்கள் வாழ்க்கையைப் பணயம் வைத்தார்கள். இவன் இன்னொருவர் உயிரை எடுத்துத் தன் கொள்கையைக் காப்பாற்றுகிறான். ஒருவருடைய தனிப்பட்ட நியாயத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பார்த்தாலே எனக்குப் பாதி விஷயம் தெளிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் துரத்தப்படுகிற அந்தப் பெண்ணுக்கு வேறு துணை கிடையாது.

அந்தத் துணையும் நடுவில் ஆட்டம் கண்டது. ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்க முடியாது என்று 2014-ல் அதே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்றது. வீட்டுக்குப் பயந்து, உயிருக்குப் பயந்து வருகிறவர்களை ஊரறியச் செய்யச் சொன்னால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. இதை எழுதுவதற்கு 2023 வரை ஆகியிருக்க வேண்டியதில்லை.